அகிம்சையும் பயிலத்தக்கதே: நாஷ்வில் மாணவர்களின் அறப்போர் தரும் பாடம்

அகிம்சை என்பது நம் இல்லங்களில் தொட்டிற் பருவம் முதல் கேட்டுவரும் சொல். நீரை வடிகட்டிப் பருகுவதிலும், இரவில் உண்ணாமையிலும், புலாலை மறுப்பதிலும் நாம் அதனைக் கடைப்பிடிக்கிறோம். பெற்றோர் செய்யக் கண்டு நாமும் செய்துவருவதால் இவ்வொழுக்கங்கள் நமக்கு எளியனவாகிவிட்டன. ஆயின், பிறர் நம்மை முகத்தெதிரே இகழும்போது நம் அகிம்சை எந்நிலையில் நிற்கிறது? எறும்பையும் மிதியாது நடக்கும் ஒருவர், தம்மை ஏசிய உறவினரைப் பல்லாண்டுகள் ஆகியும் மன்னிக்க இயலாமல் தவிப்பதை நாம் காண்கிறோம் அல்லவா?

உடலினின்று உயிரைப் பிரிப்பது மட்டுமே ஹிம்சை அன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்கள் மனத்தில் எழுவதே ஹிம்சையின் பிறப்பிடம் என்பதை அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்கியுள்ளார். அவ்வாறாயின், அவமதிப்பின் நடுவிலும் கோபம் எழாத மனத்தை ஒருவர் எவ்வாறு பெறுவது? அது சில பெரியோர்க்கு மட்டும் வாய்த்த பேறா? அன்றி, எவரும் பயின்று அடையக்கூடியதா?

இவ்வினாவிற்கு, நம் சமயத்தைச் சாராத இளைஞர் சிலர், 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் தம் உடலையே சான்றாக வைத்து விடை தந்தனர். சம உரிமைக்காக அவர்கள் நடத்திய அறப்போரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஒதுக்கிவைத்த ஊர்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தென்மாநிலங்கள் சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒதுக்கியே வைத்தன. தனித்தனியாக வைத்தாலும் சமமாக நடத்தினால் போதும் என்னும் கொள்கையை 1896-ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. பள்ளி, பேருந்து, குடிநீர்க் குழாய், கழிப்பறை, உணவகம் என யாவும் இரண்டாகப் பிரிந்தன. சமம் என்பது ஏட்டில் நின்றது. தாழ்ந்த பங்கே கறுப்பின மக்களுக்குக் கிடைத்தது. 1954-ஆம் ஆண்டில்தான், பள்ளிகளில் இவ்வாறு பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டென்னசி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில், கல்வியிற் சிறந்த ஊர் என்று பெருமை கொண்டிருந்தது. கறுப்பின மாணவர்கள் பயின்ற ஃபிஸ்க் பல்கலைக்கழகம், மெஹாரி மருத்துவக் கல்லூரி, அமெரிக்கன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி முதலியன அங்கு இருந்தன. ஆயினும் நகரின் நடுவே இருந்த பெரிய அங்காடிகளில் ஒரு விந்தையான முறை நிலவியது. கறுப்பினத்தார் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். அவர்களுடைய பணத்தை எந்த முகப்பிலும் பெற்றுக்கொள்வர். அதே அங்காடியினுள் இருந்த சிற்றுண்டிப் பகுதியில் மட்டும் அவர்கள் அமர்தல் கூடாது. குழந்தைகளோடு பொருள் வாங்கவந்த தாய்மார், களைத்துப் பசித்த பிள்ளைகளுக்கு அங்கு ஏன் உண்ண இயலாது என்று விளக்க வகையறியாது வீடு திரும்பினர்.

விதை வந்த வழி

இந்நிலையை மாற்றிய மாணவர்களுக்கு ஆசிரியராக அமைந்தவர் ஜேம்ஸ் லாசன் என்னும் கறுப்பினத் துறவுநெறிப் போதகர் அல்லர். இல்லறத்தில் வாழ்ந்த கிறித்தவப் போதகர். அவர் 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்து, ஒஹையோ மாநிலத்தின் மாசிலான் நகரில் வளர்ந்தார். சிறுவயதில் ஒருநாள், காரில் அமர்ந்திருந்த வெள்ளைச் சிறுவன் ஒருவன் அவருடைய நிறத்தைச் சொல்லி இழிவாக ஏசினான். லாசன் அவனை அறைந்துவிட்டு வீடு வந்து தாயிடம் கூறினார். தாயார் கடிந்துகொள்ளவில்லை, அடித்ததனால் விளைந்த நன்மை யாது என்று அமைதியாக வினவி, அதனினும் சிறந்த வழி ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் பொருள்பட அறிவுறுத்தினார். அவ்வினாவே தம் வாழ்நாளின் திசையை வகுத்தது என்று லாசன் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

கொரியப் போரின்போது படையிற் சேர மறுத்து அவர் சிறை சென்றார். பதின்மூன்று மாதங்களுக்குப் பின் விடுதலை பெற்று, 1953-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்தார். நாகபுரியில் உள்ள ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றிய ஆண்டுகளில் காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையை ஆழ்ந்து பயின்றார். 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அலபாமா மாநிலத்தின் மாண்ட்காமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கிய செய்தியை அவர் நாகபுரியில் இருந்தபடியே நாளிதழில் படித்தார். மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய அப்புறக்கணிப்பு 381 நாட்கள் நடைபெற்று வெற்றி கண்டது.

காந்தியடிகளின் அகிம்சைக்கும் நமக்கும் உள்ள தொடர்பை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள், மும்பையில் ஜைன அறிஞரான ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது அவருக்கே மடல் எழுதித் தெளிவு பெற்றார். தம் வாழ்வில் ஆழப் பதிந்த தற்காலத்தவர் மூவருள் ராஜசந்திரரையும் ஒருவராகத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். காந்தியடிகள் பல சமயங்களிலிருந்தும் பெற்றவர். லாசனோ இயேசு பெருமானின் போதனையையே தம் அடிப்படையாகக் கொண்டவர். ஆகவே இவ்வறப்போரை நம்முடையது என்று உரிமை கொண்டாடுதல் தகாது. நம் அருள்நெறியின் ஒரு துளியும் அவ்வெள்ளத்திற் கலந்திருந்தது என்று அடக்கத்துடன் கூறலாம்.

1956-ஆம் ஆண்டில் நாடு திரும்பிய லாசன், ஓபர்லின் கல்லூரியில் பயிலுகையில் 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கிங்கைச் சந்தித்தார். காலந்தாழ்த்தாது தெற்கே வருமாறு கிங் வேண்டினார். 1958-ஆம் ஆண்டில் லாசன் நாஷ்வில் சென்று, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்தார். அந்நகரிலேயே அகிம்சைப் பயிற்சி வகுப்புகளையும் தொடங்கினார்.

பயிற்சிக்கூடம்

1959-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்கள் வாரந்தோறும் மாலையில் கூடினர். சிகாகோவிலிருந்து வந்து ஃபிஸ்கில் பயின்ற டயேன் நாஷ் என்னும் மாணவி, அலபாமாவின் வேளாண் குடும்பத்தில் பிறந்த ஜான் லூயிஸ், அவருடைய கல்லூரித் தோழர் பெர்னார்டு லஃபாயெட் ஆகியோர் அவர்களுட் சிலர். ஜான் லூயிஸ் சிறுவயதில் தம் வீட்டுக் கோழிகளைப் பேணி, அவற்றின்முன் சமயச் சொற்பொழிவும் ஆற்றியவர்; அவற்றுள் ஒன்றைக் கொன்று சமைத்த நாளில் உண்ண மறுத்தவர். டயேன் நாஷோ, அகிம்சை பயன் தரும் என்னும் நம்பிக்கையின்றியே முதலில் அவ்வகுப்பிற்கு வந்தவர். எனவே, அங்குக் கூடியோர் அனைவரும் இயல்பாகவே சாந்தகுணம் வாய்ந்தவர் என்று நாம் எண்ணுதல் கூடாது. அவர்கள் இருபது வயதையொட்டிய மாணவர்கள். அவ்வயதிற்குரிய கோபமும் அச்சமும் உடையவர்கள்.

லாசன் முதலில் கருத்தைக் கற்பித்தார். இயேசுவின் மலைப்பொழிவையும், காந்தியடிகளின் போராட்டங்களையும், உலக வரலாற்றில் படைக்கருவியின்றி நின்றவர்களின் செயல்களையும் எடுத்துரைத்தார். எந்த அநீதியை முதலில் எதிர்ப்பது என்பதை அவர் தாமாக முடிவு செய்யவில்லை. நகரின் கறுப்பினப் பெண்மணிகள் தாங்கள் அங்காடிகளில் நாள்தோறும் பட்ட இழிவினை எடுத்துக் கூறினர். அதைக் கேட்டே சிற்றுண்டிப் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது.

அடுத்து உடற்பயிற்சிக்கு ஒப்பான ஒரு பயிற்சி நடந்தது. நாற்காலிகளை வரிசையாக இட்டு மாணவர் சிலர் அமர்வர். ஏனையோர் வெள்ளை வன்முறையாளராக நடிப்பர். அவர்கள் அமர்ந்திருப்போரைச் சுற்றிநின்று இழிசொற்களால் ஏசுவர், முகத்தில் புகையை ஊதுவர், தள்ளுவர், நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே வீழ்த்துவர். அமர்ந்திருப்பவர் திருப்பி ஏசாமலும் கைநீட்டாமலும் இருத்தல் வேண்டும். விழுந்தால் தலையையும் வயிற்றையும் எவ்வாறு காத்துக்கொள்வது, தாக்குபவரின் கண்களை எவ்வாறு அமைதியாக நோக்குவது, தோழர் ஒருவர் மிகுதியாக அடிபடும்போது இடையே தம் உடலை வைத்து அடியை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பனவெல்லாம் கற்பிக்கப்பட்டன. பின் வேடங்களை மாற்றிக்கொள்வர். அப்பொழுது ஒவ்வொருவரும் தாக்குபவரின் மனநிலையையும் உள்ளிருந்து உணர நேர்ந்தது.

திருப்பி அடிக்கமாட்டேன் என்று உறுதி கூற இயலாதவர்களும் இருந்தனர். அவர்களை எவரும் இகழவில்லை. அமர்வதற்கு மாறாக, வேறு பணிகளால் துணைபுரியுமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டனர். தம் ஆற்றலின் அளவறிந்து விரதம் ஏற்க வேண்டும் என்னும் நம் மரபிற்கு இஃது ஒத்திருத்தலைக் காண்க.

லாசன் தாம் கற்பித்ததைத் தாமே செய்து காட்டினார். ஒருமுறை தெருவில் வெள்ளை இளைஞன் ஒருவன் அவர் முகத்தில் உமிழ்ந்தான். லாசன் அமைதியாக அவனிடமே கைக்குட்டை கேட்டார். திகைத்துப்போன அவன் தன்னையறியாமல் எடுத்துக் கொடுத்தான். துடைத்துவிட்டுத் திருப்பித் தந்தவர், அவன் உடையைக் கண்டு, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறாயா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினார். சற்றுமுன் உமிழ்ந்தவன் தன் வண்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். அவனும் ஒரு மனிதன், அவனுக்கும் விருப்பங்கள் உண்டு என்பதை அச்சினத்தின் நடுவிலும் லாசன் மறந்தாரில்லை.

அமர்வு அறப்போர்

அறப்போர் தொடங்குமுன் பேச்சுவார்த்தைக்கு இடமளித்தல் வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி. 1959-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாளும் டிசம்பர் 5-ஆம் நாளும் சிறு குழுக்கள் இரு அங்காடிகளுக்குச் சென்று, பொருள் வாங்கியபின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்தன. உணவு மறுக்கப்பட்டதும் காரணத்தைப் பணிவுடன் கேட்டறிந்து வெளியேறின. உரிமையாளரிடம் நடத்திய பேச்சினால் பயன் விளையவில்லை.

இதற்கிடையில் 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் ஓர் அங்காடியின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து, எழ மறுத்தனர். அச்செய்தி தென்மாநிலங்களெங்கும் பரவிற்று. பிப்ரவரி 13-ஆம் நாள், நாஷ்வில் நகரில் 124 மாணவர்கள் மூன்று அங்காடிகளுக்கு அமைதியாக நடந்து சென்று அமர்ந்தனர். ஆடவர் கழுத்துப்பட்டியுடனும், மகளிர் தேவாலயத்திற்குச் செல்வார்போன்று நன்கு உடுத்தியும் வந்திருந்தனர். உணவு வரவில்லை. அவர்கள் பாடநூல்களைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினர்.

ஜான் லூயிஸும் லஃபாயெட்டும் வகுத்த ஒழுக்க விதிகள் தட்டச்சு செய்யப்பட்டு அனைவர்க்கும் வழங்கப்பட்டன. அவற்றின் கருத்து இது: தாக்கினாலும் ஏசினாலும் எதிர்த்துத் தாக்காதே, ஏசாதே. உரக்கச் சிரிக்காதே. தலைவர் இசைவின்றி இருக்கையை விட்டு எழாதே. வாயிலையும் நடைபாதையையும் அடைக்காதே. நிமிர்ந்து அமர்ந்து மேடையை நோக்கியிரு. எவரிடமும் நட்போடும் பணிவோடும் நடந்துகொள். இயேசு கிறிஸ்து, மகாத்மா காந்தி, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் போதனைகளை நினைவிற் கொள். சிரித்தலையும் விலக்கியிருப்பது கருதத்தக்கது. எதிரியை எள்ளி நகையாடுவதும் ஹிம்சையே என்பதை அவ்விளைஞர்கள் உணர்ந்திருந்தனர்.

பிப்ரவரி 27-ஆம் நாள் சோதனை வந்தது. கூட்டமாகத் திரண்ட வெள்ளை இளைஞர்கள், அமர்ந்திருந்தோரை அடித்தனர்; இருக்கையிலிருந்து இழுத்து வீழ்த்தினர்; எரியும் சிகரெட்டை உடலில் அழுத்தினர். மாணவர் எவரும் கையோங்கவில்லை. காவலர் வந்து, அடித்தவர்களை விடுத்து, அடிபட்டவர்களையே கைது செய்தனர். ஒரு வரிசை கைதாகி எழுந்ததும் அடுத்த வரிசை அமைதியாக வந்து அவ்விடத்தில் அமர்ந்தது. அன்று ஏறத்தாழ 80 பேர் கைதாயினர். பயிற்சிக்கூடத்தில் ஒத்திகை பார்த்தவை யாவும் அன்று உண்மையாகவே நிகழ்ந்தன. ஒத்திகை அவர்களைக் காத்தது.

நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் 50 டாலர் அபராதம் விதித்தது. அபராதம் செலுத்துவது தாங்கள் எதிர்க்கும் அநீதிக்குத் துணைபோவதாகும் என்று டயேன் நாஷ் நீதிபதியிடம் எடுத்துரைத்தார். அவரும் ஜான் லூயிஸ் முதலிய பலரும் அபராதத்திற்கு மாறாகச் சிறையைத் தேர்ந்துகொண்டனர். மார்ச் 3-ஆம் நாள் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. அதனைக் கண்டித்து இறையியல் துறைப் பேராசிரியர் பலர் பதவி விலக முன்வந்தனர்.

குடும்பங்கள் தோள்கொடுத்தல்

மாணவர்கள் மட்டும் துன்புறுவதைப் பெரியோர் வாளாவிருந்து காணவில்லை. ஈஸ்டர் திருநாளையொட்டிய நாட்களில், புத்தாடை வாங்கும் அப்பருவத்தில், கறுப்பினக் குடும்பங்கள் நகர நடுவிலுள்ள அங்காடிகளுக்குச் செல்வதை அறவே நிறுத்தின. பூசலுக்கு அஞ்சி வெள்ளையரும் வருவதைக் குறைத்தனர். அங்காடிகள் வெறிச்சோடின. பிள்ளைகளுக்குப் புத்தாடை இல்லாத பண்டிகையை அக்குடும்பங்கள் மனமுவந்து ஏற்றன.

நகர மேயர் பென் வெஸ்ட் அமைத்த குழு ஓர் இணக்கத் திட்டத்தை முன்வைத்தது. சிற்றுண்டிப் பகுதியை இரண்டாக்கி, ஒன்றை வெள்ளையர்க்கு மட்டும் என்றும் மற்றொன்றை இரு இனத்தார்க்கும் பொது என்றும் வைக்கலாம் என்றது அக்குழு. மாணவர்கள் அதனைப் பணிவுடன் மறுத்தனர். பிரிவினை இருக்கும்வரை இழிவும் இருக்கும் என்பதே அவர்கள் கூறிய காரணம். பொறுமைக்கும் கொள்கையை விட்டுக்கொடுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சியால் அறியலாம்.

ஏப்ரல் 19-ஆம் நாள் விடியற்காலையில், மாணவர்களுக்காக வழக்காடிய கறுப்பின வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் இல்லத்தின்மீது வெடி வீசப்பட்டது. வீட்டின் முகப்பு தகர்ந்தது. அருகிலிருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியில் 140-க்கும் மேற்பட்ட சாளரக் கண்ணாடிகள் நொறுங்கின. லூபியும் அவர் மனைவியும் உயிர் தப்பினர். அன்றே ஆயிரக்கணக்கானோர் நகர மன்றத்தை நோக்கி நடந்தனர். முழக்கமில்லை, கல்லெறிதல் இல்லை. காலடி ஓசை மட்டுமே கேட்டது.

மன்றத்தின் படிகளில் மேயர் எதிர்கொண்டார். முதலில் வாக்குவாதம் எழுந்தது. பின்னர் டயேன் நாஷ், ஒருவருடைய இனத்தையும் நிறத்தையும் மட்டுமே காரணமாகக் கொண்டு அவரை வேறுபடுத்தி நடத்துதல் தவறென்று கருதுகிறீர்களா என்று மேயரின் மனச்சான்றை நோக்கி நேராக வினவினார். மேயர் ஒரு மனிதராக விடை கூறினார். பொருளை விற்றுவிட்டு உணவை மறுத்தல் அறமன்று என்று அனைவர் முன்னும் ஒப்புக்கொண்டார். அவரை வெல்லவேண்டிய பகைவராகக் கருதியிருந்தால் அவ்வினா பிறந்திராது. அவருள்ளும் அறவுணர்வு உண்டு என்று நம்பியதாலேயே அது கேட்கப்பட்டது.

மறுநாள் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திற்கு வந்த மார்ட்டின் லூதர் கிங், ஊக்கம் தருவதற்கன்று, ஊக்கம் பெறுவதற்கே வந்தேன் என்னும் கருத்துப்படப் பேசினார். 1960-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், நாஷ்விலின் ஆறு அங்காடிகள் தம் சிற்றுண்டிப் பகுதிகளைக் கறுப்பின மக்களுக்குத் திறந்துவிட்டன. ஆரவாரமின்றிச் சிறுசிறு குழுவினராகச் சென்று அவர்கள் உண்டனர். தோற்றவர் என எவரும் நாணும்படி வெற்றிவிழா எடுக்கவில்லை.

பின்னிகழ்ந்தவை

திரையரங்குகளும் ஏனைய உணவகங்களும் உடனே திறந்துவிடவில்லை. அறப்போர் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. 1961-ஆம் ஆண்டில், பேருந்துகளிலும் நிலையங்களிலும் சமவுரிமை கோரிய விடுதலைப் பயணிகளின் பேருந்து ஒன்று அலபாமாவில் எரிக்கப்பட்டது. பயணம் நின்றுவிடும் என்று பலரும் எண்ணியபோது, டயேன் நாஷ் ஒருங்கிணைத்த நாஷ்வில் மாணவர்கள் உயிருக்குத் துணிந்து அதனைத் தொடர்ந்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல், மாநிலங்களுக்கிடையிலான பேருந்து நிலையங்களில் பிரித்துவைத்தலை நடுவண் ஆணையம் தடைசெய்தது.

1964-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் குடிமையுரிமைச் சட்டம் நிறைவேறி, உணவகம் முதலிய பொது இடங்களில் இன ஒதுக்கலை நாடெங்கும் விலக்கியது. 1965-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள், வாக்குரிமைக்காகச் செல்மா நகரில் நடந்த அமைதி ஊர்வலத்தின் முன்னணியில் சென்ற ஜான் லூயிஸின் மண்டையோடு காவலரின் தடியடியால் விரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் வந்தது. லூயிஸ் பின்னர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினராகி, 2020-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் மறையும்வரை பணியாற்றினார். லாசனை வெளியேற்றிய அதே பல்கலைக்கழகம் 2006-ஆம் ஆண்டில் அவரை வருகைதரு பேராசிரியராக வரவேற்றது. அவரும் மனத்தாங்கலின்றிச் சென்று கற்பித்தார். 2024-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள், தம் 95-ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

க்ஷமையின் பயனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் பயணத்தின்போது, தென் கரோலினா மாநிலத்தின் ராக் ஹில் நகரப் பேருந்து நிலையத்தில் ஜான் லூயிஸை அடித்தவர்களுள் ஒருவர் எல்வின் வில்சன். 2009-ஆம் ஆண்டில், முதுமையடைந்த அவர் லூயிஸைத் தேடி வாஷிங்டன் சென்று மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் தயக்கமின்றி மன்னித்துத் தழுவிக்கொண்டார். அடித்தவருக்கு மனம் மாற 48 ஆண்டுகள் ஆயின. அடிபட்டவரோ அடிபட்ட நாளிலேயே பகையை விட்டிருந்தார். அதனாலன்றோ வந்தவர்க்குக் கதவு திறந்திருந்தது? ஆண்டுதோறும் க்ஷமாபணம் கேட்டுக்கொள்ளும் வழக்கமுடைய நாம் இதனை நன்கு உணர்வோம்.

நாம் பெறும் படிப்பினைகள்

முதலாவது: சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என ஹிம்சையை நான்காகப் பகுத்த நம் ஆசாரியர்கள், இல்லறத்தார் சங்கல்ப ஹிம்சையை முற்றும் விலக்குமாறு விதித்தனர். தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேரும் விரோதி ஹிம்சையை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கவில்லை. அந்த விலக்கினையும் வேண்டாது நின்றனர் நாஷ்வில் மாணவர்கள். கோழைமையால் அன்று, தேர்ந்து தெளிந்து அவ்வாறு நின்றனர். திருப்பி அடிக்கும் உடல்வலிமை அவர்களுக்கு இருந்தது. அடிக்காதிருக்கும் வலிமையை அவர்கள் பயின்று பெற்றனர்.

இரண்டாவது: பொறுமையைச் சோதனை நேரும் நாளில் தேடிப் பெற இயலாது, முன்பே பழகியிருத்தல் வேண்டும். நாள்தோறும் சாமாயிகத்தில் அமர்வதும், பிரதிக்கிரமணத்தால் நம் குற்றங்களை நோக்குவதும் இத்தகைய முன்பயிற்சிகளே. அவற்றைச் சடங்காகச் செய்தால் நேரம் கழியும்; ஒத்திகையாகச் செய்தால் ஏச்சு வரும் நாளில் அவை நமக்குக் கைகொடுக்கும்.

மூன்றாவது: செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை நம்மைச் சேரும் என்பது நம் கொள்கை. அங்காடியில் எவரையும் அடிக்காமல், தாம் மட்டும் அமைதியாக உண்டு சென்ற நல்லோர் பலர் நாஷ்விலில் இருந்தனர். அவர்கள் கைகள் தூயன. எனினும் அவர்களுடைய மௌனம் அவ்விழிவிற்கு உடன்பாடாயிற்று. புறக்கணிப்பில் ஈடுபட்ட குடும்பங்கள் அவ்வுடன்பாட்டையே திரும்பப் பெற்றன. ஆகவே அநீதியைக் கண்டு ஒதுங்கியிருத்தலை நாம் அகிம்சை என்று கருதுவோமாயின், அனுமோதனம் என்னும் வாயிலைத் திறந்துவைத்தவராவோம். ஒருவரிடம் பணி கொண்டு, அவர்க்கு நம் இல்லத்தில் இருக்கை மறுப்பதும், ஒரு கையால் பணம் பெற்று மறு கையால் உணவை மறுத்த அந்த அங்காடியின் செயலும் ஒரே தன்மையன.

குடும்பத்தினர் கூடியிருக்கும் ஒரு மாலைப்பொழுதில், பிள்ளைகளோடு கீழ்க்காணும் வினாக்களைச் சிந்திக்குமாறு வேண்டுகிறோம்.

1. லாசனின் தாயார் மகனைக் கடிந்துகொள்ளாது வினா ஒன்றை மட்டும் எழுப்பியது ஏன்? நம் பிள்ளைகள் சண்டையிட்டு வரும்போது நாம் என்ன கேட்கிறோம்?

2. பயிற்சியில் தாக்குபவரின் வேடத்தையும் மாணவர்கள் ஏற்றது எதற்காக? நாம் எவரோடு பிணங்கியிருக்கிறோமோ, அவர் நிலையிலிருந்து அப்பிணக்கைச் சொல்லிப் பார்க்க இயலுமா?

3. இரண்டாகப் பிரித்த இணக்கத் திட்டத்தை மாணவர்கள் மறுத்தது சரியா? எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

4. ஒழுக்க விதிகளுள் நாம் இவ்வாரமே கடைப்பிடிக்கத்தக்கது எது?

5. நம் ஊரில், நம் தெருவில், நம் இல்லத்தில் இருக்கை மறுக்கப்பட்டவர் எவரேனும் உளரா? அவர்க்காக நாம் செய்யத்தக்கது யாது?

இவ்வினாக்களுள் இறுதியானதற்கு விடையைச் சொல்லால் அன்றிச் செயலால் தருதலே சிறந்தது. பிள்ளைகள் அதனைக் கண்டே அகிம்சையைக் கற்பர்.